நிலாவில் நடக்கும் வீரர்கள் வழி தவறுவார்களா? அவர்கள் அணியும் வழிகாட்டிக் கருவிகளைப் பூமியில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

தவறுவார்களா என்ன, ஏற்கெனவே தவறியிருக்கிறார்கள். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இன் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். கையில் வரைபடம் இருந்தது. பள்ளமோ 300 மீட்டருக்கு மேல் அகலம். ஆனாலும் ஒரு மேடு ஏறினால் அடுத்த மேடு வந்து நின்றது. நேரம் தீர்ந்து திரும்பிவிட்டார்கள். பல வருடம் கழித்து, நிலாவைச் சுற்றும் கலம் எடுத்த படங்களில் அவர்களின் தடத்தைப் பார்த்தால், விளிம்பு சுமார் 30 மீட்டர் தூரத்தில்தான் இருந்திருக்கிறது!

அங்கே காற்று இல்லாததால் தொலைவில் உள்ள குன்றும் பக்கத்துப் பாறை போலத் தெளிவாகத் தெரியும். திசைகாட்டியை இழுக்கப் பூமியைப் போன்ற காந்தப்புலமும் கிடையாது. ஜிபிஎஸ் சமிக்ஞையை நிலாத் தரையில் பிடிக்க முடியும் என்று 2025 மார்ச்சில் நிலாவில் இறங்கிய லூக்ரே என்ற ஜிபிஎஸ் வாங்கிக் கருவி காட்டியது உண்மை. ஆனால் அது மிக மெலிதாகத்தான் வந்து சேரும்.

சரி, அசைவை உணரும் சென்சாரை உடம்பில் மாட்டினால் போதாதா? ஒருமுறை என் போனின் முடுக்கமானி (வேகம் மாறுவதை உணரும் சென்சார்) அளவுகளை வைத்துத் தூரம் கணக்கிடும் ஒரு குட்டி நிரல் எழுதிப் பார்த்தேன். மேசையில் சும்மா கிடந்த போன், ஒரு நிமிடத்துக்குள் தெருவைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னது. சின்னப் பிழைதான், ஆனால் முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம் என்று இரண்டு முறை கூட்டிக்கொண்டே போகும்போது வீங்கிவிடும். அதனால்தான் சென்சாரைப் பூட்ஸில் வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு கணம் தரையில் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு வழி லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கருவி, வைத்த முதுகுப்பை. நாசாவின் 'நாக்' என்ற பையை 2021 இறுதியில் நியூ மெக்ஸிகோவின் பொட்ரில்லோ எரிமலைப் பகுதியில் சுமந்து நடந்து சோதித்தார்கள். தன் லேசர் ஒளியிலேயே நிலத்தை அளப்பதால் இருட்டு அதற்குப் பொருட்டில்லை. நிலாவின் தென் துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும், நிழல்கள் நீண்டு கிடக்கும். கேமராவை மட்டும் நம்பினால் அங்கே சிரமம்.

சோதிக்கும் முறை எளிது. நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். கருவி காட்டும் இடம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். துல்லியமான ஜிபிஎஸ்ஸோடும் ஒப்பிடலாம். நிலாவில் நம்ப முடியாததே இங்கே விடைத்தாள்!

எனக்கு உறுத்துவது நடைதான். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் வீரர்கள் துள்ளித் துள்ளிப் போகிறார்கள். பூட்ஸ் தரையில் நிற்கும் அந்தக் கணம் அப்போது எப்படி இருக்கும்? ஹூஸ்டனில் நாசாவின் கூடத்தில் உள்ள ஆர்கோஸ் என்ற கிரேனில் ஆளைத் தொங்கவிட்டு எடையைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கூடத்துக்குள் ஒரு கிலோமீட்டர் நேராக நடக்க முடியாதே.