இடப்பக்கம் திரும்பும் சிக்னலை மாற்றியமைத்தால் சந்திப்புகளில் தாமதம் குறையும் என்கிறார்களே, சிங்கப்பூருக்கு அது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் இடப்பக்கம் என்பதை வலப்பக்கம் என்று மாற்றிப் படிக்க வேண்டும். இந்தப் பேச்செல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிறவர்களைக் குறுக்கே வெட்டித் திரும்புவது இடப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அந்தத் தலைவலி வலப்பக்கம். இடப்பக்கம் திரும்ப இங்கே பல சந்திப்புகளில் தனிக் கிளைவழியே இருக்கிறது. சில இடங்களில் சிவப்பிலும் நின்று பார்த்துத் திரும்பலாம் என்று பலகை வைத்திருப்பார்கள். (பலகை இல்லாத இடத்தில் திரும்பிவிட்டு அப்புறம் புலம்பக் கூடாது.)

நான் 12 வருடமாக டெலிவரி வேன் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் நிறைய சந்திப்புகளில் அம்பு இல்லாத வட்டப் பச்சை எரியும்போது எதிரே இடைவெளி பார்த்து நாமே வலப்பக்கம் திரும்பிவிடலாம். 2018 ஏப்ரலில் கிளமெண்டியில் அப்படித் திரும்பிய டாக்சி மீது கார் மோதி, டாக்சியில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். அதே ஆண்டு, வலப்பக்கம் திரும்ப சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறிகளை மேலும் பல சந்திப்புகளில் பொருத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. முதலில் எனக்கு எரிச்சல்தான். இரவு 11 மணிக்கு, எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லாத சாலையில் சிவப்பு அம்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது?

இப்போது அம்பை எடுங்கள் என்று சொல்லமாட்டேன். எதிரே பேருந்து ஒன்று திரும்ப நின்றால், அதற்கு அப்பால் வரும் மோட்டார்சைக்கிள் நமக்குத் தெரியவே தெரியாது. நேரம் கரைவது வேறு இடத்தில். பச்சை அம்பு 15 வினாடி எரிகிறது என்று வையுங்கள். ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 2 வினாடி, ஆக ஆறேழு வண்டி போகலாம். முதலில் நிற்பவர் கைப்பேசியிலிருந்து தலைநிமிர்ந்து கிளம்ப 5 வினாடி எடுத்தால் இரண்டு வண்டி போச்சு. திரும்பும் தடம் குட்டையாக இருந்துவிட்டால் அந்த வரிசையின் வால் நேரே போகிறவர்களையும் மறிக்கும். சிக்னல் நேரத்தைக் கூட்டுவதைவிட, இடம் இருக்கும் இடத்தில் அந்தத் தடத்தை நாலு வண்டி நீளத்துக்கு நீட்டுவதே மேல் என்பேன்.

இன்னொன்று. 1988இல் வந்த 'கிளைட்' (GLIDE) என்ற கணினி அமைப்புதான் நம் சிக்னல்களை நடத்துகிறது. நிறுத்தக்கோட்டை ஒட்டித் தாருக்கு அடியில் கம்பிச்சுருள் இருக்கும்; வண்டி அதன்மேல் நின்றால்தான் ஆள் இருப்பது அதற்குத் தெரியும். ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு கார் கோட்டுக்கு ஒன்றரை வண்டி தள்ளி நின்றது. இரண்டு சுற்று போயும் அம்பு வரவில்லை. செய்யக் கூடாததுதான், இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், முன்னாடி, முன்னாடி" என்று கையைக் காட்டினேன். முறைத்தபடியே நகர்த்தினார். அடுத்த சுற்றிலேயே பச்சை அம்பு எரிந்தது.