நாலு நாள் இன்ஸ்புரூக்: ஊரும் வேண்டும், பனிச்சறுக்கும் வேண்டும் என்பவர்களுக்கு

நானும் கணவரும் குளிர்காலத்தில் இரண்டு மூன்று முறையாவது மியூனிக்கிலிருந்து வியாழன் சாயங்காலம் ரயிலேறி ஞாயிறு இரவு திரும்பிவிடுவோம். பெரும்பாலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்தான். நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, லீவு நாலே நாள். மனைவிக்கு ஊர் சுற்ற வேண்டும், எனக்குப் பனிச்சறுக்கு. பாரிஸும் சுவிட்சர்லாந்தும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. பாதி நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே போய்விடும். இன்ஸ்புரூக் மியூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். பழைய ஊரை நடந்தே பார்த்துவிடலாம். மாக்ஸிமிலியன் பேரரசருக்காகக் கட்டிய தங்கக் கூரை மாடம் அங்கேதான் இருக்கிறது. 2,657 செம்பு ஓடுகள், எல்லாம் தங்க முலாம் பூசியவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த ஹுங்கர்பர்க் மலை ரயில் நிலையம். அங்கே ரயிலில் ஏறி, அப்புறம் இரண்டு கேபிள் கார் மாறினால் ஹாஃபெலேகார், 2,200 மீட்டருக்கு மேலே. காலையில் கடைத்தெருவில் காபி குடித்துவிட்டு மதியத்துக்குள் மலை உச்சியில் நிற்கலாம், இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும்.

அப்படியென்றால் அந்த மலையிலேயே பழகலாமே?

கூடாது. அந்த நார்ட்கெட்டே மலை செங்குத்து, நன்றாகத் தெரிந்தவர்களே யோசித்து இறங்கும் இடம். புதியவர்கள் முட்டரர் ஆல்ம் பக்கம் போங்கள். ஊரில் பனி போதவில்லை என்றால் ஸ்டுபாய் பனியாறு, உச்சி 3,210 மீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1976 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர் ஃபிரான்ஸ் கிளாமர் தங்கம் வென்ற பாட்ஷர்கோஃபெல் மலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரிவுகளில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.

என் கணவருக்கு நன்றாகவே தெரியும், அவரே சொல்லித் தருகிறேன் என்கிறார். பயிற்சிப் பள்ளிக்கு வீணாக ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கொடுத்துவிடுங்கள் சகோதரி. முதல் வருடம் நாங்களும் இப்படித்தான் நினைத்தோம். முதல் நாள் மதியமே என்னைச் சிவப்புச் சரிவுக்குக் கூட்டிப்போய்விட்டார். கீழே பார்த்ததும் கால் மரத்துப்போனது. அவர் இருபது மீட்டர் கீழே நின்றுகொண்டு, "முழங்காலை மடக்கு, எடையை வெளிக்காலில் போடு" என்று கத்துகிறார், எனக்கோ எப்படி நிற்பது என்பதே தெரியாது. பக்கவாட்டில் அடி அடியாக இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம், இரவுச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்மேல் தப்பில்லை. மாணவராக இருந்தபோது கற்றது, அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மறுநாள் புதியவர்கள் குழுவில் சேர்ந்தேன். அந்தப் பயிற்சியாளர் முதலில் சொல்லிக் கொடுத்ததே நிற்பதுதான்: முன்முனைகளை நெருக்கி, குதிகால் பக்கத்தை அகட்டி, கூரை மாதிரி வைத்தால் வேகம் குறையும். மதியத்துக்குள் பயம் பாதி போய்விட்டது. மூன்றாம் நாள் நீலச் சரிவில் இருவரும் சேர்ந்தே இறங்கினோம், அந்த ஒரு இறக்கத்துக்காக அத்தனையும் தகும். இன்னொன்று, முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும்.

என்ன உடை?

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் அவ்வளவுதான். பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ், இரண்டு போட்டால் கால் இன்னும் குளிரும். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லுங்கள், விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ள வேண்டிய அளவை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். சன்ஸ்கிரீன் கட்டாயம், பனி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

நாங்கள் சுத்த சைவம், முட்டை சாப்பிடுவோம். மலையில் பட்டினியா?

இல்லை. பாலாடைக்கட்டி போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே, பிய்த்துப் போட்ட இனிப்பு அடை மாதிரி கைஸர்ஷ்மாரன், இரண்டும் பெரும்பாலான மலைக்குடில்களில் இருக்கும். க்னோடல் என்ற ரொட்டி உருண்டைகளில் கவனம்: ஷ்பெக் என்று பெயரில் இருந்தால் பன்றி இறைச்சி. பாலாடைக்கட்டி உருண்டையைச் சூப்பில் தந்தால் அந்தச் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்தது, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழம், ரொட்டி வாங்கி வையுங்கள்.

லண்டனில் வேலை, இந்திய பாஸ்போர்ட். பிரிட்டிஷ் விசாவே போதுமா?

போதாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். சந்திப்பு நாள் கிடைக்கவே தாமதமாகலாம், விசா கையில் இல்லாமல் ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். காப்பீட்டில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். ஹெலிகாப்டர் வந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். மலை மீட்புக்கு 140, பொதுவான அவசரத்துக்கு 112.

எந்த மாதம்?

ஜனவரி 6 விடுமுறை முடிந்த பிறகு, மாதக் கடைசிவரை. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை, கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம்.

மனைவிக்கு ஸ்கீ போடவே இஷ்டமில்லை. வற்புறுத்தலாமா?

வேண்டாம். மரச் சறுக்குவண்டி வாடகைக்கு எடுங்கள், ரோடல் என்பார்கள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்தே இறங்கலாம். இல்லையென்றால் காலையில் நீங்கள் சறுக்கப் போங்கள், அவர் ஊரைப் பார்க்கட்டும். மதியம் நார்ட்கெட்டே மலையின் நடுவில் உள்ள ஸேக்ரூபே நிலையத்துக்கு இருவரும் கேபிள் காரில் வந்து சேருங்கள். வெளியே சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள், வெயில் இருந்தால் மூன்று மணிவரை எழுந்திருக்க மனமே வராது.