மழை ராத்திரியில் ரேஸ் கார்: வாசகர் கேள்வி – பதில்

ரேஸ் காரில் மொட்டை டயர்தான் போடுகிறார்கள். நம் கார் டயர் மொட்டையானால் மாற்றச் சொல்கிறார்கள். மழை வந்தால் ரேஸில் என்ன செய்வார்கள்?
– வாசகர், குடியாத்தம்

கழற்றிவிடுவார்கள். காய்ந்த தளத்தில் பட்டன் (டயர் மேலுள்ள வெட்டுக் கோலம்) இல்லாத ஸ்லிக் டயருக்குத்தான் பிடிப்பு அதிகம். ரப்பர் முழுசாகத் தரையில் படுகிறது. தண்ணீர் நின்றாலோ அது ஒதுங்க வழி கிடையாது, டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். ஆகவே பள்ளம் வெட்டிய மழை டயர். ஃபார்முலா ஒன்னில் 300 கி.மீ. வேகத்தில் முழு மழை டயர் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரைத் தள்ளும், லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர் 30 லிட்டர் தள்ளும் என்பது டயர் நிறுவனமான பிரெல்லியின் கணக்கு. மழை டயரின் ரப்பர் மிருதுவானது. தளம் காயத் தொடங்கினால் சூடேறிப் பிய்ந்துபோகும். அந்த நேரத்தில் ஓட்டுநர்கள் நேர்பாதையில் வேண்டுமென்றே ஈர ஓரத்தைத் தேடிப் போவது டயரைக் குளிர்விக்கத்தான்.

எங்கள் கல்லூரி அணி கார் செய்கிறது. கொட்டும் மழையில், அதுவும் இருட்டில், வளைவை எப்படி எடுப்பது? காரில் எதை மாற்றுவது?
– மாணவர், காட்பாடி

முதலில், வெயிலில் பழகிய வழியை மறந்துவிடுங்கள். எல்லோரும் ஓடி ஓடி ரப்பரும் எண்ணெயும் படிந்த அந்தத் தடம் நனைந்தால் வழுக்கும். பெரும்பாலான வளைவுகளில் அதற்கு வெளிப்பக்கமாக, சொரசொரப்பான தளத்தில் சுற்றிப் போவதே பிடிப்பு தரும். எல்லா வளைவுக்கும் இது பொருந்தாது. வெளி ஓரத்தில் தண்ணீர் தேங்கும் இடமும் உண்டு. முதல் ஓரிரு சுற்றில் அகலம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட் அடித்த கோடு, ஓரக் கட்டை இரண்டிலும் சக்கரம் படவே கூடாது.

பிரேக்கைச் சீக்கிரமாக, நேராக ஓடும்போதே முடித்துவிடுங்கள். ஈரத்தில் வேகம் மெதுவாகத்தான் குறையும், முன்பக்கம் சாயும் பாரமும் குறைவு. அதனால் முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். முன், பின் சக்கரங்களுக்கான பிரேக் பங்கீட்டை ஓரிரு சதவீதம் பின்னுக்குத் தள்ளுவது இதனால்தான். வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரை இளக்குங்கள், காரைச் சில மில்லிமீட்டர் உயர்த்துங்கள், இறக்கை இருந்தால் கோணத்தைக் கூட்டுங்கள். வளைவிலிருந்து வெளிவரும்போது வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறைவதால் பின் சக்கரம் வழுக்கி வீணாகச் சுழலாது.

ஸ்டீயரிங் திடீரென லேசாகி, இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் கார் மிதக்கிறது என்று பொருள். அப்போது பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். திருப்பி வைத்த சக்கரம் மறுபடி தரையைப் பிடிக்கும் நொடியில் கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் சுவரில் போய் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

முன்னால் போகும் கார் கிளப்பும் தண்ணீர்ப் புகையில் எதுவும் தெரியாதே?
– வாசகி, ஆம்பூர்

தெரியாதுதான். முன்காரின் பின்னால் எரியும் சிவப்பு மழை விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். நேர் பின்னால் போகாமல் அரைக் கார் அகலம் விலகி ஓட்டினால் கொஞ்சம் பார்வை கிடைக்கும். இரவில் விளக்கை ஹை பீமில் போட்டால் வெளிச்சம் மழைத்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்வாகப் பொருத்திய விளக்கே உதவும். டேஷ்போர்டு வெளிச்சத்தையும் குறைத்துவிடுவார்கள். மூடிய காரில் பெரிய தொல்லை உள்ளே படியும் ஆவி. கண்ணாடிக்குச் சூடான காற்று வரவில்லை என்றால் எவ்வளவு நல்ல வைப்பரும் வீண். திறந்த காரில் ஹெல்மெட் வைசரைத் துளி திறந்து வைப்பார்கள்.

இதற்கெல்லாம் எல்லை உண்டு. 2024 லெ மான் 24 மணி நேரப் போட்டியில் இரவு மழை வலுத்தபோது நான்கு மணி நேரத்துக்கும் மேல் சேஃப்டி கார் (ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக நடத்திச் செல்லும் கார்) பின்னாலேயே எல்லோரும் ஊர்ந்தார்கள். அது சரியான முடிவு.

சென்னை தீவுத்திடல் மாதிரி ஊர்ச் சாலையில் நடக்கும் ரேஸில் மழை இன்னும் ஆபத்தா?
– வாசகர், ராணிப்பேட்டை

ஆம். சாலைக் கோடு, மேன்ஹோல் மூடி, தார் ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றின் பிடிப்பு ஒன்றுபோல் இருக்காது. தப்பினால் ஓட மண் பரப்பும் இல்லை, சுவர்தான். 2024 ஆகஸ்ட் 31 அன்று அங்கே ரேஸ் மழையால் தாமதமானதும் நினைவிருக்கும்.

மழைக்காலத்தில் டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்கள். பெங்களூரு ஹைவேயில் தினமும் ஓட்டுகிறேன்.
– டாக்ஸி ஓட்டுநர், பள்ளிகொண்டா

குறைக்காதீர்கள். தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். விமான டயர்களை வைத்துக் கண்ட பழைய சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 94 கி.மீ., 24 ஆகக் குறைத்தால் சுமார் 82 கி.மீ. தண்ணீர் பட்டனின் ஆழத்தைவிட அதிகமாகத் தேங்கினால் வரும் கணக்கு இது; பட்டன் தேய்ந்த டயருக்குக் கொஞ்சம் தண்ணீரே போதும். கார் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது காலையில் பார்த்து வையுங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழைக்கு முன் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தாலே மாற்றிவிடுங்கள்.