சீன நிகழ்த்துக் கலையில் "உடலே ஊடகம்" என்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?

ஓவியருக்குத் துணியும் வண்ணமும் எப்படியோ, அப்படித்தான் இங்கே உடலின் எடை, தோல், வலி, பொறுமை எல்லாம். நடிப்பு அல்ல, உடலுக்கு நேர்வது நிஜமாகவே நேர்கிறது.

சீன நிகழ்த்துக் கலைஞர் ஜாங் ஹுவான் 1994-இல், கலைஞர்கள் குடியிருந்த பெய்ஜிங்கின் 'கிழக்குக் கிராமம்' பகுதியில், ஒரு பொதுக் கழிப்பறைக்குள் செய்த '12 சதுர மீட்டர்' நல்ல எடுத்துக்காட்டு. தலைப்பு அந்தக் கழிப்பறையின் பரப்பளவு. உடலெங்கும் தேனும் மீன் எண்ணெயும் பூசி, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். ஈ மொய்த்தது. பிறகு பக்கத்துக் குளத்தில் இறங்கினார். அந்த வட்டாரத்து மக்கள் அன்றாடம் பொறுத்துக்கொண்ட அருவருப்பைத் தன் தோலில் ஏற்றிக்காட்டியதுதான் அதன் வலிமை.

1995-இல் 'பெயரற்ற மலைக்கு ஒரு மீட்டர் கூட்டுதல்'. பெய்ஜிங்குக்கு மேற்கே மியாவ்ஃபெங் மலையில் பத்துக் கலைஞர்கள் ஆடையின்றி ஒருவர்மேல் ஒருவர் படுத்தார்கள். முன்கூட்டியே எடை பார்த்து, கனமானவர்களை அடியில் வைத்தார்கள். மாற்றி அடுக்கினால் கீழே இருப்பவர் மூச்சுத் திணறுவார், அடுக்கும் சரியும். உயரத்தை நில அளவையாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். அது கூட்டுப்படைப்பு; ஆனால் பெயர் பெரும்பாலும் ஜாங் ஹுவானுக்கே போனது. மற்றவர்கள் உரிமை கோரியது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பலர் சறுக்குவது புகைப்படத்தையே படைப்பு என்று எண்ணும்போது. ரோங் ரோங் எடுத்த கழிப்பறைப் படங்கள் அற்புதமானவை. ஆனால் நாற்றமும் அந்த ஒரு மணி நேரமும் படத்தில் இல்லை.