முட்டைகூடத் தொடாதவருக்குக் கொழுப்பு ஏறுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஒல்லியான உடம்பு, தொப்பை மட்டும் லேசாக உண்டு. சுத்த சைவம். அலுவலகத்தில் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 222, எல்.டி.எல். 128, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 310. முட்டைகூடத் தொடாத எனக்கு இது எப்படி வந்தது? அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது.
- வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போனது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் மேல்தான். 150-க்குள் இருக்க வேண்டியது, இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இதற்கு முட்டையோ கறியோ தேவையே இல்லை. காலையில் இட்லி, மதியம் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சாதம், இரவு தோசை, நடுவில் சர்க்கரை போட்ட டீ நாலைந்து. செலவாகாமல் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விட்டுவிடும். டிரைகிளிசரைடு ஏறும்போது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். பெரும்பாலும் இறங்கும். ஆண்களுக்கு அது 40-க்குக் குறையக் கூடாது.

'ஒல்லி' என்கிறீர்கள். சரி, ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தான் எல்லை. கை கால் மெலிந்திருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மிடம் அதிகம். அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் கட்டாயம் பாருங்கள்.

கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சிறுநீரகம் பழுதானாலும் கொழுப்பு ஏறும். அதைச் சரிசெய்யாமல் கொழுப்புக்கு மட்டும் மாத்திரை போடுவது வீண். ஸ்டீராய்டும் சில பி.பி. மாத்திரைகளும்கூட ஏற்றும், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மது பற்றி எழுதவில்லை. பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், டிரைகிளிசரைடை வேகமாக ஏற்றும். சிகரெட் எச்.டி.எல்.லை இறக்கும்.

எனக்குக் கவலை தருவது அப்பாவின் மாரடைப்புதான். 55 வயதுக்கு முன் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால், பரம்பரையாக வரும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்வோம். அதனால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 128 இருப்பதைப் 'பரவாயில்லை' என்று விட முடியாது. எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்பான லிப்போபுரோட்டீன் (ஏ)-வுக்கான பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதன் அளவு பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகிவிடுவது, சாப்பாட்டால் அதிகம் மாறாது.

இப்போதைக்குச் சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் சுண்டலும் வையுங்கள். டீயில் சர்க்கரை வேண்டாம். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மூன்று மாதம் கழித்து, 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். அதற்குள்ளேயே இந்த ரிப்போர்ட்டுடன் ஒரு மருத்துவரைப் பார்த்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று கேட்டுவிடுங்கள். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து கூடுகிறது. அப்போது மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அப்புறம், உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.