அம்மா மெல்பேர்ன் போகிறார்: ஊர்ச் சிம் போதுமா, அங்கே வேறு எடுக்க வேண்டுமா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கும் என் அம்மா (68) முதல் தடவையாக மெல்பேர்னில் தங்கை வீட்டில் மூன்று மாதம் நிற்கப் போகிறார். இங்கே பாவிக்கும் பிரீபெய்ட் சிம்மையே கொண்டுபோனால் போதுமா? வீட்டில் வைஃபை இருக்கிறது, வேறு சிம் எதற்கு என்கிறாள் தங்கை.

பதில்:

தம்பி, இரண்டு சிம்மும் வேண்டும். ஊர்ச் சிம்மைச் சாகவிடக் கூடாது. அங்கே போய் இறங்கியதும் அம்மாவின் போனில் அவருக்கென்று ஒரு பிரீபெய்ட் சிம்மும் ஏற வேண்டும். நானும் திருகோணமலை உவர்மலையிலிருந்து மெல்பேர்னில் மகன் வீட்டுக்குப் போய்வருகிறவள். அந்த அனுபவத்தில்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

தங்கை அன்பில்தான் சொல்கிறாள். என் மகனும் அப்படித்தான், "வீட்டில வைஃபை இருக்குத்தானே அம்மா, பிறகென்னத்துக்குச் சிம்?" என்றான். ஆனால் வைஃபை வீட்டு வாசலோடு நின்றுவிடும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரும் வழியில் மழை பிடித்தால், பஸ்ஸில் ஒரு தரிப்பு தள்ளி இறங்கிவிட்டால், அம்மா யாருக்கு எப்படி எடுப்பார்? கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு ஒரு விசேஷ நாளில் போயிருந்தோம். சரியான சனம். மகன் காரை விடத் தூரம் போய்விட்டான், நான் உள்ளே போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிட்டேன். கையில் சிம் போட்ட போன் இருந்தபடியால் ஒரு கோலில் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத யாரிடமாவது போனை இரவல் கேட்டு நின்றிருக்க வேண்டும். ஊரில் தனியாகச் சந்தைக்கும் பேங்குக்கும் போய்வந்த ஒரு மனுஷி, பிள்ளை வீட்டில் ஒவ்வொரு கோலுக்கும் பிள்ளையின் கையைப் பார்த்திருக்கக் கூடாது. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

இனி ஊர்ச் சிம். கட்டுநாயக்காவுக்கு வான் ஏற முன்னமே செய்ய வேண்டிய வேலை இதில்தான் அதிகம். முதலில் அந்தச் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊர் அம்மாமார் பலரின் சிம் மகனின் பெயரிலோ, காலஞ்சென்ற கணவரின் பெயரிலோதான் கிடக்கிறது. போன் தொலைந்து அதே நம்பரை மறுபடி எடுக்கப் போனால், பதிவில் உள்ள ஆளின் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரே போய் அவருடைய பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கிளையில் நிற்கும்போதே ரோமிங்கையும், அதாவது ஊர்ச் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதியையும், திறக்கச் சொல்லுங்கள். ரோமிங் கோல் கதைக்க அல்ல, பேங்கின் ஓடிபிக்காக. அம்மா அங்கிருந்து பேங்க் செயலியைத் திறந்து கரண்ட் பில் கட்டினாலும், இங்கே யாருக்காவது காசு மாற்றினாலும், அந்த இரகசிய எண் ஊர் நம்பருக்குத்தான் வரும். சிலர் ஊர்ச் சிம்மைக் கழற்றி இங்கே சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய், ஓடிபி வந்தால் வாசித்துச் சொல்லச் சொல்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். எவ்வளவு நெருங்கிய ஆளாக இருந்தாலும் ஓடிபியைப் போனில் வாசித்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், நாளைக்குக் கள்ளன் எடுத்துக் கேட்டாலும் அம்மாவின் வாய் அப்படியே சொல்லிவிடும். சிம் அம்மாவின் போனிலேயே இருக்கட்டும்.

ரோமிங்கில் எஸ்எம்எஸ் வந்தால் பெரும்பாலும் காசு வெட்டாது. கோல் வந்து எடுத்தால் வெட்டும். இதை இனசனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஊர் நம்பரில் மணி அடித்தால் அம்மா எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பி எடுக்கட்டும். டேட்டா ரோமிங் கட்டாயம் மூடியிருக்க வேண்டும், அது திறந்து கிடந்தால் ரீலோட் போட்ட காசு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கனநாள் ரீலோட் போடாத பிரீபெய்ட் நம்பரை நிறுவனங்கள் வெட்டிவிடும். எத்தனை நாளுக்குப் பிறகு என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, அதையும் கேட்டு எழுதிவையுங்கள். நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள், இடையில் ஒரு சின்ன ரீலோட் போட்டுவிட்டால் நம்பர் தப்பும்.

அடுத்தது போன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன் என்றால் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். அவுஸ்திரேலியாவில் 2ஜி போய்ப் பல வருஷம். 2024 முடிவதற்குள் 3ஜியையும் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே கோல் போவதே 4ஜி வழியாகத்தான். அதோடு, 4ஜியில் அவசர நம்பரான 000க்கு எடுக்க முடியாத போன்களுக்கு அங்குள்ள நிறுவனங்கள் இணைப்பே கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இங்கே நல்லாக வேலை செய்கிற ஸ்மார்ட் போன்கூட, அங்கத்தைச் சிம்மைப் போட்டதும் தடைப்படலாம். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், வரும். அதைத் தங்கைக்கு அனுப்புங்கள். எந்த நிறுவனத்தின் சிம்மை வாங்கப் போகிறாளோ, அவர்களிடம் அந்தப் போன் சரிவருமா என்று கேட்டுவைக்கட்டும். அதே *#06# திரையில் இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் போனில் இ-சிம் வசதி (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) இருக்கிறது, இரண்டாவது சிம்முக்கு இடம் தேட வேண்டியதில்லை.

இ-சிம் இல்லாத சில போன்களில் சிம் தட்டின் இரண்டாவது குழியில் சிம் போடலாம், அல்லது மெமரி கார்ட் போடலாம், இரண்டும் சேராது. பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்தக் கார்டில் இருந்தால், போக முன்னமே கணினியில் இறக்கிவிடுங்கள்.

சிம் வாங்குவது அங்கே லேசு. கோல்ஸ், வூல்வேர்த்ஸ் போன்ற சுப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். சிம்மை இயங்க வைக்க அடையாள ஆவணம் காட்ட வேண்டும், அம்மாவின் கடவுச்சீட்டே போதும், அவருடைய பெயரிலேயே எடுங்கள். பிரீபெய்ட் திட்டங்கள் பெரும்பாலும் 28 அல்லது 30 நாள். 28 நாள் திட்டத்தை மூன்று தடவை போட்டால் 84 நாள்தான், மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிழமை குறையும். அதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிமிஷம் இலவசம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த நாட்டுப் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களின் வீட்டு லைனுக்கு எடுக்க அது தேவைப்படும். நகரத்துக்குள் எந்த நிறுவனமும் சரி. தூர இடங்களுக்குச் சுற்றப் போவார்கள் என்றால் டெல்ஸ்ட்ராவின் சிக்னல்தான் கூடுதல் இடங்களில் பிடிக்கும்.

புதுச் சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா" என்று கேட்கலாம். வேண்டாம் என்று கொடுக்க வேண்டும். பழைய நம்பரிலேயே வாட்ஸ்அப் ஓடும், டேட்டா மட்டும் புதுச் சிம்மிலிருந்து எடுக்கும். போனில் 077, 071 என்று சேமித்த நம்பர்களை எல்லாம் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போட்டு மாற்றிவிடுங்கள். எங்கள் 026 வீட்டு லைன்களும் +94 26 என்று ஆக வேண்டும். அம்மாவோடு ஒரு பின்னேரம் இருந்து செய்தால் முடிந்துவிடும். ஆண்ட்ராய்ட் போனில் சிம்களுக்குப் பெயர் வைக்கலாம். நான் ஒன்றுக்கு "ஊர்", மற்றதுக்கு "மெல்பேர்ன்" என்று தமிழிலேயே வைத்திருக்கிறேன். எந்தச் சிம்மால் கோல் போகிறது என்று கண்ணாடி போடாமலே தெரியும்.

பகலில் தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் அம்மா வீட்டில் தனியே இருப்பார். இங்கே அவர் விரலுக்குப் பழகினது பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. அங்கே எல்லாவற்றுக்கும் 000. எடுத்ததும் பொலிஸா, ஃபயரா, அம்புலன்ஸா என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி, "தமிழ்" என்றும் சொல்லிவிட்டு லைனை வெட்டாமல் நிற்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமில்லாத விஷயத்துக்கு 131 450 என்ற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழும் உண்டு. இந்த இரண்டு நம்பரையும் தங்கையின் வீட்டு முகவரியையும் ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி போன் உறைக்குள் வையுங்கள்.

நீங்கள் அம்மாவுடன் கதைக்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பின்னேரம் மூன்றரை மணி என்றால் அங்கே இரவு எட்டு. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது ஒன்பது. பத்திரகாளி அம்மன் கோயில் பின்னேரப் பூசை முடிந்து வந்து எடுத்தால் அம்மா படுத்துவிடுவார்.

திரும்பி வரும் கிழமையில், தங்கையின் கார்டிலிருந்து தானாக ரீசார்ஜ் ஆகும்படி போட்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஊர் வந்ததும் ரோமிங்கையும் மூடிவிடலாம்.