பொன்னியின் செல்வனில் நின்றுவிட்ட மகளுக்கு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்ட மகளுக்கு, அவருடைய மூன்றே பாகங்கள் கொண்ட ‘பார்த்திபன் கனவு’ நாவலை முதலில் கொடுங்கள். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் இந்த விடுமுறையிலேயே முடிக்கும்படி வற்புறுத்த வேண்டாம்.

பதினைந்து வயது மகள் ஐம்பது பக்கங்களோடு மூடிவைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் மொழியன்று, குவியும் பெயர்களே. ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சொற்களில் தடுமாறாமல் ‘இவர் யார்?’ என்று மட்டும் கேட்டால், பெயர்களை உறவுமுறையோடு ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவைத்தால் போதும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பொன்னியின் செல்வனின் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில்தான் என்பதால், காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒருநாள் அழைத்துச் சென்று அந்த நீண்ட கரையைக் காட்டிய பிறகு முதல் அத்தியாயத்தை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். (கோடையில் நீர் குறைவாக இருக்கலாம்.)

புதுச்சேரியைக் களமாகக் கொண்ட பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவல் 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்றதே எனினும், அதைக் கல்லூரிக் காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.